தொடக்கப் பள்ளி ஊடக மன்றம்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான படைப்பூடக மன்றத்தில் ஏதேனும் ஒன்று தடைப்படும்போது, பொறுப்பாளரின் கண் முதலில் சாதனத்தின் மீது போகிறது. அங்கே குறை தென்படாவிட்டால் குழந்தையின் மீது திரும்புகிறது. தேடும் வரிசை வேறாக இருக்க வேண்டும் என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை. கொடுத்த வேலையின் அளவு, அதற்கு ஒதுக்கிய நேரம், வேலை நடக்கும் அறை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். பிறகு சாதனத்தின் அமைப்புகளைப் பாருங்கள். இவையனைத்தும் சரியாக இருந்தும் தடை நீடித்தால் மட்டும் குழந்தையிடம் காரணம் தேடுங்கள். அந்தக் கடைசிக் கட்டம் வரை போக வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும்.

கீழே உள்ளவை 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகள் டேப்லெட், கைப்பேசி, எளிய மைக் ஆகியவற்றைக் கொண்டு குறும்படமும் ஒலிப்பதிவும் அசைபடமும் (பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் நிழற்படமாக எடுத்து, வரிசையாக ஓட்டும் படம்) செய்யும் மன்றங்களுக்குப் பொருந்தும். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியின் பகுதியை மட்டும் படித்தால் போதும். எனினும் குழு அமைப்பையும் கதையின் அளவையும் பற்றிய முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் படித்துவிடுவது நல்லது, ஏனெனில் பிற்பகுதியில் வரும் பல கோளாறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

அறிகுறி: ஒருவர் கையில் கேமரா இருக்கிறது, மற்றவர்கள் கலைந்துபோகிறார்கள்

விலகி நிற்கும் குழந்தையிடம் சென்று, "உன் அடுத்த வேலை என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் அந்தக் குழந்தை தன் முறைக்காகக் காத்திருக்கிறது, தலையிட வேண்டாம். பதில் வராவிட்டால் வேலையைப் பிரித்ததில் பிழை இருக்கிறது. குழுவில் ஐந்தாறு பேர் இருந்தாலும், கேமராவைப் பிடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவாறு பணி அமைந்திருந்தாலும் இந்த நிலை வந்தே தீரும்.

குழுவை 3 பேராகக் குறையுங்கள். அது இயலாவிட்டால் 4 பேருக்கு மேல் போகாதீர்கள். அசைபட வேலையில் ஒருவர் பொம்மையை நகர்த்துவார், ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் ஒவ்வொரு படத்திலும் கை நிழல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டே வருவார். ஒலிப்பதிவில் ஒருவர் பேசுவார், ஒருவர் மைக்கைப் பிடிப்பார், ஒருவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு "மீண்டும்" என்று சொல்லும் அதிகாரத்தோடு இருப்பார். பொறுப்புகளை நிமிடக் கணக்கில் மாற்றுவதைவிட எண்ணிக்கைக் கணக்கில் மாற்றுவது நல்லது. ஐந்து நிமிடம் ஆகிவிட்டதா என்பதில் சச்சரவு வரும். 12 படம் ஆகிவிட்டதா என்பதைத் திரையே காட்டிவிடும்.

கேமராவை விட மறுக்கும் குழந்தை பெரும்பாலும் வீட்டிலேயே அந்தச் சாதனத்தை நன்கு பழகிய குழந்தையாக இருக்கும். அதன் திறமையை அடக்க வேண்டியதில்லை. பிறருக்கு உதவும்போது சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் திரையைத் தொடக்கூடாது என்ற ஒரே விதியை வையுங்கள். உதவி செய்பவர் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த விதி பெரியவர்களுக்கும் பொருந்த வேண்டும். மன்றத்துக்கான விதிகளில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

அறிகுறி: கதை வளர்ந்துகொண்டே போகிறது, படம் முடிவதில்லை

இந்த வயதுக் குழந்தைகள் "அப்புறம், அப்புறம்" என்று கதையை நீட்டிக்கொண்டே போவது இயல்பு. அதைக் கற்பனைக் குறைபாடாகவோ ஒழுங்கின்மையாகவோ கருத வேண்டாம். குறை இருப்பது கணக்கில். நொடிக்கு 12 ஃபிரேம், அதாவது 12 தனிப் படங்கள் என்று வைத்துக்கொண்டால் 30 நொடி அசைபடத்துக்கு 360 படங்கள் தேவை. ஒவ்வொரு படத்துக்கும் பொம்மையை நகர்த்தி, கையை விலக்கி, சரிபார்த்து, பொத்தானை அழுத்த வேண்டும். நொடிக்கு 8 ஃபிரேம் என்று குறைத்து, நீளத்தை 10 நொடியாக வைத்தால் 80 படங்களில் வேலை முடியும். முதல் படத்துக்கு இந்த அளவே தக்கது. இந்தக் கணக்கைக் குழந்தைகளுக்கே போட்டுக் காட்டுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தாங்களே கதையைச் சுருக்குவார்கள்.

கதையை வெட்டச் சொல்லாமல், கதையிலிருந்து படமாக வேண்டிய ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரே இடம், இரண்டு பாத்திரம், ஒரு மாற்றம் என்ற வரம்பு போதும். தாளில் மூன்று கட்டம் வரைந்து, தொடக்கத்தில் நிலைமை என்ன, எது மாறியது, முடிவில் எப்படி இருக்கிறது என்று வரையச் செய்யுங்கள். மீதிக் கதையைப் பின்னணிக் குரலில் சொல்லிவிடலாம் என்று உறுதியளித்தால் எவருக்கும் வருத்தம் இராது.

அப்படியும் முடியாமல் போகிறது என்றால் முடிவுக் காட்சியை முதலில் எடுக்கச் செய்யுங்கள். கையில் முடிவு இருக்கும் குழு இடையில் நேரம் போதாமல் போனாலும் ஒரு படத்தைக் காட்ட முடியும். தொடக்கம் மட்டும் இருக்கும் குழு அடுத்த வாரம் அதைத் தொடர விரும்புவதில்லை.

அறிகுறி: அசைபடம் மினுக்குகிறது, குதிக்கிறது, அல்லது கண்மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடுகிறது

மூன்றும் ஒரே கோளாறுபோலத் தோன்றினாலும் காரணங்கள் வெவ்வேறு. எது என்று அறிய, படத்தை ஓட விடாமல் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்.

பொருள்கள் அதே இடத்தில் இருக்க, படம் முழுவதும் வெளிச்சம் கூடியும் குறைந்தும் வருமானால் அது மினுக்கம். கேமரா ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைத் தானாகக் கணக்கிடுகிறது. அருகில் நிற்கும் குழந்தையின் வெள்ளைச் சட்டையோ கையோ அந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ் (தெளிவுத் தூரம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) ஆகிய மூன்றையும் முதல் படத்துக்கு முன்பே பூட்டிவிடுங்கள். பல கைப்பேசிகளில் திரையின் மீது விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷரும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். இத்தகைய அசைபடத்துக்கான ஸ்டாப் மோஷன் செயலிகளில் இதற்கெனத் தனி அமைப்பு இருக்கும். பூட்டிய பிறகும் மினுக்கம் தொடர்ந்தால் சன்னலைப் பாருங்கள். மேகம் சூரியனை மறைத்து விலகுவதை நம் கண் பொருட்படுத்துவதில்லை, ஆனால் படத்தில் அது தெளிவாகத் தெரியும். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரே விளக்கின் வெளிச்சத்தில் எடுங்கள். அடர்நிற உடை அணிந்த குழந்தை நகர்த்தும் பொறுப்பில் இருந்தால் மேசையின் மீது எதிரொளிக்கும் வெளிச்சமும் மாறாமல் இருக்கும்.

நிழற்படங்களாக எடுக்காமல் காணொளியாக எடுத்ததில் கிடைமட்டப் பட்டைகள் ஓடினால் காரணம் வேறு. மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸாக உள்ள இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை ஏற்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என வைத்தால் பட்டைகள் மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 என வைக்க வேண்டும். ஷட்டரை மாற்ற இயலாத சாதனமாக இருந்தால் வேறு விளக்குக்கு மாறுவதோ பகல் வெளிச்சத்துக்குப் போவதோதான் வழி.

பின்புலமும் மேசையும் சேர்ந்து இடம் மாறினால் கேமரா அசைந்திருக்கிறது. டிரைபாட் இருந்தால் அதன் கால்களைத் தரையோடு ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கனமான புத்தக அடுக்கின் மீது டேப்லெட்டை வைத்துக் கட்டிவிடுங்கள். திரையைத் தொட்டுப் படம் எடுப்பதே அசைவுக்கு முதன்மைக் காரணம் என்பதால், ப்ளூடூத் பொத்தானையோ கம்பியுள்ள ஹெட்போனின் ஒலியளவுப் பொத்தானையோ பயன்படுத்தலாம். பல சாதனங்களில் அது படம் எடுக்கும் பொத்தானாகவும் வேலை செய்யும். மேசையில் சாய்ந்து நிற்பதைத் தடுக்க, மேசையைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டு, நகர்த்துபவர் மட்டும் உள்ளே வரலாம் என்று சொல்லுங்கள். செட்டும் அசையலாம், அடித்தளத் தாளின் நான்கு மூலைகளையும் ஒட்டிவிடுவது ஒரு நிமிட வேலை.

பின்புலம் நிலையாக இருக்க, பொம்மை மட்டும் தாவினால் நகர்த்தும் தூரம் அதிகம். முந்தைய ஃபிரேமை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதியை இயக்குங்கள். அது இல்லாவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு சிறு விரல் அகலத்துக்கு மேல் நகர்த்தக்கூடாது என்ற அளவு போதுமானது. களிமண் பொம்மை நிற்காமல் சாய்வதாலும் தாவல் வரும். பாதத்தை அகலமாக்கினால் சரியாகிவிடும்.

படம் ஓடி முடிந்துவிடுகிறது என்ற குறையைக் குழந்தைகள் மிகுந்த ஏமாற்றத்தோடு சொல்வார்கள், ஏனெனில் ஒரு மணி நேர உழைப்பு மூன்று நொடியில் போய்விடுகிறது. செயலியின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆனால் நொடிக்கு 5 ஃபிரேமுக்குக் கீழே போனால் அசைவே தெரியாமல் படங்களின் வரிசைபோல ஆகிவிடும். உண்மையான தீர்வு நிறுத்தங்களைச் சேர்ப்பதில் இருக்கிறது. பாத்திரம் ஒன்றைப் பார்த்துத் திகைக்கும் இடத்தில், அசைக்காமல் அதே நிலையை 8 அல்லது 12 ஃபிரேம் எடுங்கள். காட்சிக்கு நீளமும் கிடைக்கும்; பாத்திரம் யோசிப்பதுபோன்ற தோற்றமும் வரும். அதைக் கண்டுபிடிக்கும் குழந்தை அன்றைக்கு நடிப்பைப் பற்றி ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது.

அறிகுறி: குரல் தெளிவாகக் கேட்கவில்லை

ஹெட்போனில் கேட்டுவிட்டு, கேட்பது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தால் மைக் தூரத்தில் இருக்கிறது; எந்த எடிட்டிங்கும் அதைச் சரிசெய்யாது. திறந்த வெளியில் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஆனால் அறையின் எதிரொலி அவ்வாறு குறைவதில்லை. அதனால் தூரம் கூடக்கூடக் குரல் அமிழ்ந்து அறை மட்டும் கேட்கிறது. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். நேருக்கு நேராக வைக்காமல் சற்றே ஓரமாக வைத்தால் "ப", "ம்ப" போன்ற ஒலிகளில் வரும் காற்று மோதலும் தவிர்க்கப்படும். கைப்பேசியையே மைக்காகப் பயன்படுத்தினால் அதன் மைக் துளை எங்கே இருக்கிறது என்று குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விரலால் மூடியிருப்பது பல பதிவுகள் கெட்டுப்போவதற்குக் காரணம்.

குரல் கிழிந்து ஒலித்தால் பதிவு அளவு உச்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஒலிமானியில் உச்சங்கள் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெல் வரை நிற்பது பாதுகாப்பானது. பூஜ்யமே இந்த அளவுகோலின் உச்ச வரம்பு; அதைத் தொட்ட ஒலியை முழுமையாக மீட்க முடியாது. குழந்தைகள் ஒத்திகையில் மெதுவாகவும் பதிவில் உரக்கவும் பேசுவார்கள் என்பதால், கதையில் கத்த வேண்டிய வரியைப் பேசச் சொல்லி அளவை அமையுங்கள்.

குளியலறையில் பேசுவதுபோல் இருந்தால் வெறும் சுவர்களும் தரையும் காரணம். தரைவிரிப்பும் புத்தக அலமாரியும் உள்ள மூலைக்கு மாறுங்கள். கனமான போர்வையை இரு நாற்காலிகளின் மீது போட்டு, அதன் உள்ளே அமர்ந்து பேசச் செய்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு வேறுபாடு தெரியும். குழந்தைகளுக்கு அது கூடாரமாகவும் ஆகிவிடும். விசிறி, குளிர்சாதனம், கணினி ஆகியவற்றின் இடைவிடாத இரைச்சலுக்கு முதல் மருந்து அவற்றை அணைப்பது. அணைக்க இயலாவிட்டால் எவரும் பேசாத அறையொலியை 30 நொடி தனியே பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அந்தப் பகுதியை இரைச்சலின் மாதிரியாகக் காட்டி மற்ற இடங்களில் குறைக்கலாம். அளவு மீறிக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சியிருப்பதே மேல். அந்த அறையொலி வேறொன்றுக்கும் உதவும்: வெட்டிய இடங்களில் திடீரென வரும் வெறுமையை அதைக்கொண்டு நிரப்பலாம்.

ஹெட்போனை உரக்க வைத்துக் கேட்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 75 டெசிபெல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. சாதனத்தில் உச்ச வரம்பை அமைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அறிகுறி: கேமராவைக் கண்டதும் குழந்தை உறைந்துபோகிறது, அல்லது ஒப்பிக்கிறது

மனப்பாடம் செய்த வரிகளைக் கொடுத்திருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் தீர்மானித்து, எப்படிச் சொல்வது என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் நண்பரிடம் பதில் சொல்லச் செய்தால் கண்ணும் குரலும் தளரும். அப்படியும் பேச விரும்பாத குழந்தைக்கு முகம் தேவைப்படாத வேலைகள் நிறைய உள்ளன: நிழல் பொம்மை, கையுறைப் பொம்மை, தாளைக் கசக்கி நெருப்பு ஒலி உண்டாக்குவது, அரிசியைத் தட்டில் கொட்டி மழை உண்டாக்குவது. பேச மறுப்பதை வெல்ல வேண்டிய தடையாகப் பார்க்காதீர்கள்; ஒலி வேலையில் மிகக் கூர்மையானவர்கள் பெரும்பாலும் இவர்களே.

அறிகுறி: உதடும் ஒலியும் பொருந்தவில்லை, கோப்பு திறக்கவில்லை, எடுத்த காட்சிகளைக் காணவில்லை

ஒலி விலகலை இரண்டு இடங்களில் சோதியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் விலகல் ஒரே அளவாக இருந்தால், ஒலித்தடத்தைச் சற்றே நகர்த்தினால் போதும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒருவர் கேமரா முன் கைதட்டுவது இதற்காகவே. தட்டும் கணத்தையும் தட்டிய ஒலியையும் ஒன்றாக வைத்தால் முடிந்தது. தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகல் வளர்ந்தால் காரணம் வேறு. பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவு செய்கின்றன. சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைச் சரியாகக் கையாள்வதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்தைத் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

கைப்பேசியில் ஓடும் காணொளி பழைய கணினியில் திறக்காவிட்டால், அது பெரும்பாலும் எச்.இ.வி.சி. முறையில் சுருக்கப்பட்டிருக்கும். ஐபோன், ஐபேட் கேமரா அமைப்பில் அதிகப் பொருத்தமுள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் எச்.264 முறையில் பதிவாகும். அதற்கு ஈடாக இடம் கூடுதலாகத் தேவைப்படும்: 1080 பிக்சல், நொடிக்கு 30 ஃபிரேம் என்ற அளவில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மெகாபைட் எடுத்த இடத்தில் 130 மெகாபைட் எடுக்கும். அமர்வுக்கு முன்பே சாதனத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் தீர்ந்து பதிவு நடுவில் நின்றுபோவது குழந்தைகளின் உற்சாகத்தை வேறெதையும்விட வேகமாக அணைத்துவிடும்.

எடிட்டிங் மென்பொருளைத் திறந்ததும் காட்சிகள் காணவில்லை என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். கணினியில் உள்ள பல எடிட்டிங் மென்பொருள்களின் திட்டக் கோப்பில் காட்சிகள் இருப்பதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். யாரோ கோப்புறையை இடம் மாற்றியிருக்கிறார்கள்; பழைய இடத்தில் வைத்தால் அல்லது புதிய இடத்தைக் காட்டினால் திரும்பிவரும். இனி நேராதிருக்க, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே கோப்புறை, அதற்குள் படம், ஒலி, திட்டம் அனைத்தும் என்று வையுங்கள். அமர்வு முடிந்த அன்றே வேறொரு வட்டில் ஒரு நகல் எடுத்துவிட்டு, அதைத் திறந்து பார்த்த பிறகே சாதனத்தில் உள்ளதை அழியுங்கள்.

சாதனமே இயங்காத நாளுக்கு ஒரு தாள் அமர்வைத் தயாராக வைத்திருங்கள். சுழலும் உருளையின் கீறல்கள் வழியே பார்த்தால் உள்ளே உள்ள ஓவியங்கள் அசையும் சோயிட்ரோப் கருவியை வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1834இல் விவரித்தார். புரட்டுப் புத்தகத்துக்கு ஜான் பார்ன்ஸ் லின்னெட் 1868இல் காப்புரிமை பெற்றார். இரண்டுக்கும் தாளும் பென்சிலும் போதும். 24 பக்கப் புரட்டுப் புத்தகம் செய்த குழந்தைக்கு ஃபிரேம் என்றால் என்ன என்பதை மீண்டும் விளக்க வேண்டியிராது.

அறிகுறி: படம் அழகாக இருக்கிறது, ஆனால் குழந்தைகள் அதைத் தங்களுடையதாகக் காட்டிக்கொள்ளவில்லை

இது பார்வைக்குக் கோளாறாகத் தோன்றாத கோளாறு. எனவே மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது. திரையிடலில் பெற்றோர் பாராட்டுகிறார்கள், ஆசிரியர்கள் மகிழ்கிறார்கள், குழந்தைகளோ "இது எப்போது வந்தது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இரவில் உட்கார்ந்து எடிட்டிங்கை முடித்தவர் பெரியவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. திரையிடும் நாள் நெருங்கும் அழுத்தம்தான் காரணம், நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம். ஆனாலும் குழந்தையின் வேலை அங்கே பறிபோகிறது. ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, கலை வடிவிலோ தான் தேர்ந்தெடுக்கும் வேறு ஊடகத்தின் வழியாகவோ கருத்தை வெளிப்படுத்தும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. ஊடக மன்றத்தை அந்த உரிமை நாள்தோறும் பயிலப்படும் இடமாக நான் கருதுகிறேன்.

பெரியவர் எதைச் செய்யலாம் என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். மின்னேற்றம் செய்வது, நகல் எடுப்பது, ஒலியளவைச் சமப்படுத்துவது, முடிந்த படத்தைக் கோப்பாக வெளியெடுப்பது ஆகியவை நம்முடையவை. காட்சியின் வரிசையை மாற்றுவது, காட்சியை நீக்குவது, சொற்களைத் திருத்துவது ஆகியவை நம்முடையவை அல்ல. குழந்தைகள் எடிட்டிங்கில் திணறினால் மென்பொருளின் எல்லா வசதிகளையும் காட்டியிருக்கிறோம் என்று பொருள். முனைகளை வெட்டுவது, வரிசைப்படுத்துவது, ஒலியைச் சேர்ப்பது என்ற மூன்றை மட்டும் கற்றுக்கொடுங்கள். காட்சி மாற்ற அலங்காரங்களை மறைத்துவிடுங்கள் அல்லது பட்டியலைத் திறக்காமல் இருங்கள். சிறியவர்களுக்கு எடிட்டிங்கே வேண்டாம். கேமராவிலேயே வரிசையாக எடுத்துவிடலாம். 5 முதல் 7 வயதுக்கென உருவான ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற நிரலாக்கச் செயலி அசைவுக் கதைகளுக்கு நன்கு பொருந்தும். 8 வயதிலிருந்து ஸ்கிராட்ச்சுக்குப் போகலாம்.

அறிகுறி: எல்லாக் கதைகளும் துரத்தலும் வெடிப்புமாகவே இருக்கின்றன

தடை விதித்தால் அடுத்த கதையில் வேறு பெயரில் அதுவே வரும். துரத்தல் என்பது அசைவைக் காட்ட எளிதான வழி. அதனால்தான் குழந்தைகள் அதை நாடுகிறார்கள். துரத்துபவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் கிடைத்த கணமே கதை பிறந்துவிடும். வெடிப்பைக் காட்டாமல் ஒலியால் மட்டும் உணர்த்த வேண்டும் என்று தொழில்நுட்ப வரம்பு வைப்பதும் நல்ல பலன் தரும்.

அறிகுறி: அனுமதியும் உரிமையும் பற்றிய சிக்கல் கடைசி நேரத்தில் எழுகிறது

முகம் காட்டக்கூடாது என்று ஒரு பெற்றோர் சொன்னதும் முடிந்த படத்தையே ஒதுக்க நேர்கிறது என்றால், அனுமதியை ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். மன்றத்துக்குள் காட்டுவது, பள்ளிக்குள் காட்டுவது, இணையத்தில் ஏற்றுவது ஆகிய மூன்றையும் தனித்தனியே கேளுங்கள், குழந்தையிடமும் கேளுங்கள். அனுமதி கிடைக்காத குழந்தையைத் தனியே நிறுத்தாமல், அந்தக் குழு முழுவதும் பொம்மையிலோ நிழலிலோ வேலை செய்யும்படி திட்டமிடுங்கள். வெளியே போகும் படத்தில் முழுப் பெயர், பெயர்ப் பட்டை, பள்ளிச் சின்னம் ஆகியவை தெரியக்கூடாது. நிழற்படக் கோப்புகளில் எடுத்த இடத்தின் விவரமும் பதிவாகியிருக்கக்கூடும் என்பதால் கேமராவின் இருப்பிட வசதியை அணைத்துவிடுங்கள்.

புகழ்பெற்ற பாடலைப் பின்னணியில் போட்டதால் இணையத்தில் படம் முடக்கப்பட்டால், குழந்தைகளே இசையை உண்டாக்குவதுதான் சிறந்த மாற்று. படைப்பாளர் சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையை எடுத்தால் உரிமத்தின் வகையைப் படியுங்கள். மாற்றங்கள் கூடாது என்று குறிப்பிடும் உரிமமுள்ள இசையைக் காணொளியோடு இணைக்க முடியாது, ஏனெனில் அவ்வாறு இணைப்பதே மாற்றமாகக் கருதப்படுகிறது. இசையமைத்தவர் பெயரை இறுதித் தலைப்பில் எழுதும் வேலையைக் குழந்தைகளிடமே கொடுங்கள்.

அறிகுறி: சில வாரங்களுக்குப் பின் வருகை குறைகிறது

காட்டுவதற்கு எதுவும் இல்லாமல் வாரங்கள் கழிந்திருக்கும். ஒவ்வொரு அமர்வின் கடைசி பத்து நிமிடத்தை அன்று எடுத்ததைத் திரையில் பார்ப்பதற்கென ஒதுக்குங்கள். அது பாதி வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. பார்ப்பவர்கள் முதலில் என்ன கண்டோம், என்ன கேட்டோம் என்று சொல்லட்டும். நன்றாக இருக்கிறதா என்பது பிறகு வரலாம். செய்தவர்கள் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: "பூனை ஏன் ஓடியது என்று புரிந்ததா?" என்பதுபோல. புரியவில்லை என்று பதில் வந்தால் அடுத்த வாரம் வருவதற்கு அந்தக் குழுவுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

தன் படத்தைத் திரையிட வேண்டாம் என்று ஒரு குழந்தை சொன்னால் திரையிடாதீர்கள். காரணத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரே ஒரு காட்சியோ தன் குரல் ஒலிக்கும் விதமோ பிடிக்காமல் இருக்கும். அதை மாற்ற அடுத்த அமர்வில் நேரம் கொடுங்கள். குழுவாகச் செய்த படமாக இருந்தால் மற்றவர்களும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். அந்தக் குரலை மட்டும் வேறொருவர் பேசலாம். மாற்றிய பிறகும் வேண்டாம் என்றால் படத்தை அந்தக் குழந்தைக்கு மட்டும் நகலாகக் கொடுத்துவிட்டு, திரையிடும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.